நெஞ்சு திடீர்னு படபடன்னு அடிச்சா: அது நிக்கறதுக்குள்ள என்ன செய்யணும்

எனக்கு முதல் தடவை வந்தப்ப சும்மா உக்காந்துதான் இருந்தேன், குனிஞ்சு செருப்ப எடுத்தேன், அவ்ளோதான், நெஞ்சு தடதடன்னு ஓட ஆரம்பிச்சிருச்சு. ஆஸ்பத்திரிக்கு போய் ஈசிஜி எடுக்கறதுக்குள்ள டக்குனு நின்னுபோச்சு, ரிப்போர்ட் நார்மல், டென்ஷனா இருக்கும்னு அனுப்பிட்டாங்க. இதுல பெரிய தலைவலியே இதான், துடிப்பு ஓடறப்ப எடுத்தாதான் ஈசிஜில மாட்டும்.

அதனால வந்த உடனே மணி பாருங்க. மணிக்கட்டுல, கட்டைவிரலுக்கு நேர் கீழ ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வச்சு 30 செகண்ட் எண்ணி ரெண்டால பெருக்குங்க (கட்டைவிரல வச்சு பாக்காதீங்க, அதோட துடிப்பே குழப்பிரும்). தாளம் கோணலா இருந்தா முழுசா 60 செகண்ட் எண்ணணும். சும்மா இருக்கறப்ப பெரியவங்களுக்கு 60லருந்து 100 வரைக்கும் சாதாரணம்.

நம்பரைவிட முக்கியம் அது எப்படி வந்துச்சு, எப்படி போச்சுங்கறது. ஜுரம், ரத்தசோகை, தைராய்டு, உடம்புல தண்ணி பத்தாதது, பயம், இதெல்லாம்னா மெல்ல ஏறி மெல்ல இறங்கும். சுவிட்ச் போட்ட மாதிரி ஆரம்பிச்சு, 150, 200னு ஒரே சீரா ஓடி, அதே மாதிரி சட்டுனு நின்னா எஸ்விடியா (இதயத்தோட மேல் பகுதிலருந்து கிளம்பற வேகத் துடிப்பு) இருக்கலாம். தாளமே இல்லாம கன்னாபின்னான்னு அடிச்சா ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனான்னு (இதயத்தோட மேலறைங்க ஒழுங்கில்லாம நடுங்கறது) பாக்கணும், அத லேசா விடக்கூடாது, இதயத்துல ரத்தம் கட்டி பக்கவாதம் வரைக்கும் போகலாம். எப்பவாச்சும் ஒண்ணு விட்டுப்போய் அடுத்தது தொம்முனு விழுறது எக்டோபிக் (நேரத்துக்கு முன்னாடியே வர்ற துடிப்பு), இதயம் நல்லா இருந்தா பெரும்பாலும் பயமில்ல.

எஸ்விடிதான்னு டாக்டர் உறுதியா சொல்லி, செய்யலாம்னும் சொல்லியிருந்தா ஒரு வித்தை இருக்கு, சாஞ்சு உக்காந்துட்டு ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சுக்குள்ள, உள்ள இருக்கற தண்டு லேசா நகர்ற அளவுக்கு 15 செகண்ட் ஊதணும், ஊதி முடிச்ச கையோட மல்லாக்க படுக்கணும், கூட இருக்கறவங்க ரெண்டு காலையும் 15 செகண்ட் தூக்கிப் பிடிக்கணும். சிலருக்கு இதுலயே நின்னுரும். துடிப்ப நிறுத்தறதுக்குன்னு கழுத்த தேய்ச்சு விடறது மட்டும் வீட்ல வேண்டாம்.

நெஞ்சுவலி, மூச்சு வாங்கறது, மயக்கம், இதுல எது சேர்ந்து வந்தாலும் எண்ணிட்டு உக்காராதீங்க, ஆம்புலன்ஸ கூப்பிடுங்க, நீங்களே வண்டி ஓட்டிட்டு போகாதீங்க. ஓடறப்பவோ விளையாடறப்பவோ மயங்கி விழுந்தாலும், குடும்பத்துல சின்ன வயசுலயே யாராச்சும் திடீர்னு இறந்திருந்தாலும், படபடப்பு நின்னுட்டாலும் காட்டியே ஆகணும்.

டாக்டர்கிட்ட போறப்ப சாப்பிடற மாத்திரை, இன்ஹேலர், சளி மருந்து, எத்தன காபி, எல்லாத்தையும் சொல்லுங்க. அடிக்கடி வருதுன்னா 24 மணி நேரமும் ஈசிஜி பதிவு பண்ற ஹோல்டர்ங்கற சின்ன மெஷின மாட்டுவாங்க, மாசத்துக்கு ஒண்ணுன்னா அதுல சிக்கறது கஷ்டம், ரொம்ப நாள் பதிவு பண்ற மெஷின் இருக்கான்னு கேளுங்க. "படபடப்பா இருந்துச்சு"ன்னு மட்டும் சொன்னா அவருக்கு ஒண்ணும் புரியாது. நான் ரெண்டாவது தடவை போனப்ப அந்த துடிப்ப அப்படியே விரலால மேஜைல தட்டிக் காமிச்சேன், அதுக்கப்புறம்தான் அவர் பேனாவ எடுத்தாரு.