ஊர்ப் பள்ளியைச் சீராக்க விமானம் ஏறும் முன்

மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள் பலர், விடுமுறைக்கு வரும்போது அங்குள்ள நண்பர்களையும் கூட்டிவந்து, தாங்கள் படித்த பள்ளிக்கு ஏதாவது செய்ய ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசை வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பெரிய தவறு, பெயிண்டிலிருந்து தொடங்குவது. பத்து நாளில் முடியும், படம் எடுக்கவும் அழகாக இருக்கும் என்று எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். மேலூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நாங்களும் அப்படித்தான் செய்தோம். மொட்டை மாடியில் மழைநீர் இறங்கும் குழாய் அடைத்துக் கிடந்ததையும், சுவரில் ஓதம் ஏறியிருந்ததையும் ஒருவரும் பார்க்கவில்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு போனபோது, ஆசையாக வரைந்த மயில் கொப்பளம் கொப்பளமாக உப்பியிருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அதன் கழுத்தை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தது. அந்தக் குழாயைச் சுத்தம் செய்ய ஓர் ஆளுக்கு அரை நாள் போதும். முதலில் கூரை, பிறகு வடிகால், சுவர் காய்ந்த பிறகே வண்ணம்.

உரிந்த பெயிண்ட் பிள்ளைகளின் வாய்க்கும் போகும். வீட்டுப் பெயிண்டில் நச்சு உலோகமான ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. டப்பாவில் அது அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பூச்சைச் சுரண்டும்போது பிள்ளைகள் அருகில் இருக்கவே கூடாது.

அடுத்தது, கேட்காமல் கொடுப்பது. பெற்றோர்களே பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது; தலைமையாசிரியர் இருக்கிறார். அவர்களிடம் கேட்டால், ‘கழிவறை இருக்கிறது, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் இல்லை’ என்பார்கள். உங்கள் பட்டியலில் அது இருந்திருக்காது. அரசுப் பள்ளி என்றால் அனுமதியில்லாமல் ஒரு செங்கல்லும் வைக்காதீர்கள். முன்னாள் மாணவர்களும் மற்றவர்களும் உதவுவதற்காகவே 2022 டிசம்பரில் அரசு ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டத்தைத் தொடங்கியது.

பணத்திலும் கவனம் வேண்டும். இந்தியக் குடிமகன் தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஓசிஐ அட்டைக்காரர், அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர், அனுப்பினால் ஆகும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) பதிவோ முன்அனுமதியோ இல்லாத ஊர் அறக்கட்டளை அதை வாங்கக் கூடாது.

கரண்டி பிடித்துப் பழகாதவர்கள் பூசிய சுவரை மறுநாள் கொத்தனார் இடித்துப் பூசுவதைப் பார்த்திருக்கிறேன். ஊர்க் கொத்தனாருக்குக் கூலி கொடுங்கள், நீங்கள் அவருக்குச் சித்தாளாக நில்லுங்கள். பூசிய சுவர் குறைந்தது ஏழு நாள் நனைந்திருக்க வேண்டும், சித்திரை வெயிலில் இன்னும் கூடுதலாக. திரும்பும் டிக்கெட்டுக்கு முந்தைய வாரத்தில் சிமென்ட் வேலை வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமானால், காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற ஊரிலேயே ஓர் ஆளுக்குக் கூலியை முன்கூட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.