இருமுகிற குதிரைக்கு மூக்குச் சாம்பிள்: கூட இருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது

ஆடியில் அந்தியூர் சந்தைக்குப் போய்வந்த குதிரை, இரண்டு மூன்று நாளில் வறட்டு இருமல் இருமினால், “தண்ணி ஒத்துக்கலீங்க டாக்டர்” என்று ஒரு வாரம் ஓட்டாதீர்கள். ஏற்காட்டுக்காரர்களானாலும் சேலத்துக்காரர்களானாலும் நான் சொல்வது இதுதான்: ஆசனவாயில் தெர்மாமீட்டர் வையுங்கள். 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அன்றைக்கே போன் போடுங்கள். இன்ஃபுளுவென்சா என்றால் முதல் இரண்டு மூன்று நாள்தான் மூக்கில் வைரஸ் மண்டிக் கிடக்கும். மஞ்சள் சளி கொட்டத் தொடங்கிய பிறகு எடுத்தால் பெரும்பாலும் பாக்டீரியாதான் அகப்படும்.

சாம்பிளை நான் எடுத்துக்கொள்கிறேன். தலையை அசையாமல் பிடிப்பது உங்கள் வேலை. எதிரே நிற்காதீர்கள், முன்னங்கால் வீசும். தோளை ஒட்டி, நான் நிற்கும் பக்கமே நில்லுங்கள். குதிரையின் மூக்குத் துவாரத்தின் மேல்பகுதி ஒரு மொட்டைப் பை, உள்ளே வழியே கிடையாது. சளி எடுக்கும் குச்சி அதில் போனால் முட்டி நிற்கும், குதிரையும் மிரளும். அதனால் கட்டைவிரலால் குச்சியைக் கீழே அழுத்தி, மூக்கின் தரையை ஒட்டி, இரண்டு துவாரத்தையும் பிரிக்கும் நடுத்தண்டின் பக்கமாகத்தான் தள்ள வேண்டும். எவ்வளவு தூரம் என்றால், மூக்கிலிருந்து கண்ணின் உள்மூலை வரை வெளியில் வைத்து அளந்துகொள்வேன். மேல்நோக்கிப் போனால் ரத்தம் கொட்டும். ஒரு நிமிடம் உள்ளேயே சுழற்றி, ஈரத்தோடு எடுத்து, வைரஸ் கெடாமல் காக்கும் திரவத்தில் முனையை முக்கி, ஐஸ் பெட்டியில் வைக்கிறோம். மரக்குச்சி, சாதாரணப் பஞ்சு வேண்டாம். பிசிஆர் சோதனையைக் கெடுக்கும். வீட்டு ஃப்ரீசரிலும் போட்டுவிடாதீர்கள்.

“இருமலுக்கு மருந்து கொடுத்தால் போதாதா?” என்று கேட்பீர்கள். மருந்து கொடுக்கிறேன், ஓய்வும் சொல்கிறேன். ஆனால் இன்ஃபுளுவென்சா வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது பிழை திருத்துவதில்லை. பிழைகள் சேரச் சேர, வைரஸின் மேலே துருத்தி நிற்கும் எச்ஏ என்ற புரதம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிவிடும். பழைய தடுப்பூசியால் வந்த எதிர்ப்பு அதைச் சரியாகப் பிடிக்காது. குதிரைகளில் இன்று சுற்றுவது எச்3என்8 என்ற வகை. 1963-ல் அமெரிக்காவின் மயாமியில் முதலில் கண்டது. பிறகு கிளை கிளையாகப் பிரிந்தது. 2008-ல் ஜம்முவின் கட்ராவில் கிளம்பி வட மாநிலங்களில் பரவியது ஃபுளோரிடாக் கிளையின் இரண்டாம் பிரிவு. 1987-ல் நம் நாட்டில் வந்த வைரஸிலிருந்து அது வேறுபட்டது. அதனால்தான் ஹிசாரிலுள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம், 1987 லூதியானா வைரஸில் செய்த தடுப்பூசியை மாற்றி, கட்ரா வைரஸை வைத்துச் செய்தது. இப்போது எது வந்திருக்கிறது என்பதை மரபணு வரிசை பார்த்தால்தான் சொல்ல முடியும்.

சாம்பிளோடு போகும் தாளில் மூன்று விவரம் கேட்பேன்: குதிரை எங்கிருந்து வாங்கியது, கடைசியாக எந்தச் சந்தைக்குப் போனது, எப்போது எந்தத் தடுப்பூசி போட்டது. மூன்றாவதற்குத்தான் எல்லாரும் முழிப்பார்கள். ஊசி வந்த அட்டைப்பெட்டியை எறியாமல், எந்த வைரஸ் என்று அச்சிட்ட பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.