மரப்பரணில் அமர்ந்து வில்லால் மான் வேட்டை: முதல் பருவத்துக்குத் தயாராகிறவர்களுக்கு

விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா போன்ற அமெரிக்க மாநிலங்களில் உரிமம் எடுத்து, வெள்ளைவால் மானுக்காக முதல் முறை பரண் ஏறப்போகும் தமிழர்களுக்கான குறிப்பு இது. இந்தியாவில் இருப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே மான் வேட்டை குற்றம். விஸ்கான்சினிலோ 1934-லேயே வில்லுக்கென்று தனி மான் பருவம் தொடங்கிவிட்டது. இன்றும் அங்கே செப்டம்பர் நடுவில் இருந்து புத்தாண்டு வரை வில்லோடு காட்டுக்குள் போகலாம்.

உரிமம், பயிற்சி வகுப்பு, மாநில விதிப் புத்தகம் எல்லாம் முடித்துவிட்டீர்கள் என்றும், தரையில் நின்று 20 கஜத்தில் எட்டு அங்குல வட்டத்துக்குள் எல்லா அம்புகளையும் சேர்க்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்கிறேன். அது இன்னும் வரவில்லை என்றால் பரண் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

புதியவர்கள் தடுமாறுவது முக்கியமாக இரண்டு இடங்களில். ஒன்று, ஏணியிலிருந்து பரண் தட்டுக்குக் கால் மாற்றும் அந்த ஒரு எட்டு. இன்னொன்று, மேலிருந்து கீழ்நோக்கி எய்யும்போது மாறிவிடும் கோணம். இந்த இரண்டையும் விரிவாகச் சொல்கிறேன்.

கருவிகள்

இழுவிசை அதிகமுள்ள வில்தான் நல்ல வில் என்று கடையில் சொல்வார்கள். நம்பாதீர்கள். குளிரில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்த பிறகு, வில்லை வானத்துக்குத் தூக்காமல், உட்கார்ந்தபடியே நாணை இழுக்க முடிகிற அளவுதான் உங்கள் அளவு. 50 பவுண்டு காம்பவுண்ட் வில் (முனைகளில் கப்பிச் சக்கரம் உள்ள வில்) மானுக்குத் தாராளம். ஆனால் குறைந்தபட்ச இழுவிசையும் அம்புமுனையின் அகலமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், விதிப் புத்தகத்தில் பாருங்கள்.

அம்பின் எடை முனையோடு சேர்த்து 420 முதல் 450 கிரெய்ன் (அம்பு எடையின் அலகு) வரை இருக்கட்டும். லேசான அம்பு வேகமாகப் போகும், ஆனால் எலும்பில் பட்டால் நின்றுவிடும். முனைக்கு என் தேர்வு நிலையான பிளேடு வகை. பட்டதும் விரியும் வகை, விரிவதற்கே கொஞ்சம் விசையைத் தின்றுவிடுகிறது. 50 பவுண்டு வில்லில் அந்த இழப்பைத் தாங்க முடியாது. வில்லில் குறி பார்க்க உதவும் குறிமுள் மூன்று போதும்: 20, 30, 40 கஜம். முதல் பருவத்தில் 20-க்கு உரிய முள்ளைத் தவிர வேறு எதுவும் தேவைப்படக் கூடாது.

பரணில் நான்கு வகை உண்டு. சொந்த நிலமோ தெரிந்தவர் பண்ணையோ இருந்தால் 15 அடி ஏணிப்பரண் வாங்குங்கள், புதியவருக்கு அதைவிட நல்லது இல்லை. நிறுத்த மூன்று பேர் வேண்டும். மேல் பட்டையைக் கட்டி முடிக்கும் வரை இரண்டு பேர் அடியைப் பிடித்தே இருக்க வேண்டும். பொது நிலத்தில் வேட்டையாடுகிறவர்களுக்குத் தூக்கிச் சென்று மாட்டும் ஹாங்-ஆன் பரணும், மரத்தில் கட்டிப் படியாக ஏறும் நான்கு ஏறு ஸ்டிக்குகளும். தானே மரமேறும் க்ளைம்பர் வகைக்குக் கிளையே இல்லாத நேர்மரம் வேண்டும், அப்படி மரம் அமைவது அதிர்ஷ்டம். இடுப்புப் பட்டையில் மரத்தோடு தொங்கியபடி உட்காரும் சேடில் நல்ல கருவிதான், ஆனால் கயிற்று வேலை கைவந்த பிறகு. இனி வருவது ஹாங்-ஆன் வகைக்கு.

உடல் முழுதும் கட்டும் ஹார்னஸைப் பழையதாக யாரிடமும் வாங்காதீர்கள். லேபிளில் தயாரித்த தேதி இருக்கும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஐந்து வருடத்தைக் கெடுவாகச் சொல்கிறார்கள்.

மரமும் இடமும்

மான் நடக்கும் தடத்திலிருந்து 15 முதல் 20 கஜம் தள்ளி, காற்று தடத்திலிருந்து உங்களை நோக்கி வீசும் பக்கத்தில் மரம் தேடுங்கள். வெள்ளை ஓக்கின் கொட்டைகள் உதிரும் இடம், இரண்டு புதர்க்காடுகளை இணைக்கும் குறுகலான மரவரிசை, ஓடையை மான் கடக்கும் துறை ஆகியவை நல்ல இடங்கள். வலது கைக்காரர் என்றால் மான் உங்களுக்கு இடப்பக்கம் வரும்படி பரணைத் திருப்பி மாட்டுங்கள். உட்கார்ந்தபடியே இடப்பக்கம் எய்யலாம், வலப்பக்கம் முடியாது. இடது கைக்காரருக்கு நேர்மாறு.

மரம் உயிரோடு இருக்க வேண்டும். ஆஷ் மரத்தை விட்டுவிடுங்கள். எமரால்ட் ஆஷ் போரர் என்ற வண்டு 2002-ல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து அந்தப் பகுதியில் ஆஷ் மரங்கள் கூட்டங்கூட்டமாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. வெளியே பட்டை நன்றாகத் தெரியும், உள்ளே மரம் நொறுங்கும். ஷாக்பார்க் ஹிக்கரியும் வேண்டாம், பட்டை உரிந்து ஒவ்வொரு அசைவுக்கும் சத்தம் போடும்.

காற்றைப் பார்க்கப் பொடி புட்டியைவிட எருக்கம் பஞ்சு போன்ற மில்க்வீட் பஞ்சு மேல். பொடி மூன்றடியில் மறைந்துவிடும். பஞ்சு 50 கஜம் மிதந்து போய், காற்று எங்கே சுழல்கிறது, எங்கே பள்ளத்தில் இறங்குகிறது என்று காட்டும். வெயில் ஏறியதும் காற்று சரிவில் மேலேறும், மாலையில் குளிர்ந்து பள்ளத்துக்கு வழியும். காலைக்குச் சரியான மரம் மாலைக்குத் தப்பாகப் போவதற்கு இதுதான் காரணம்.

மாட்டுவதும் ஏறுவதும்

முதல் ஸ்டிக்கில் கால் வைக்கும் முன்பே ஹார்னஸும், மரத்தைச் சுற்றிய லைன்மேன் பெல்ட்டும் உடம்பில் இருக்க வேண்டும். பெல்ட்டின் இரு முனையும் இடுப்பின் இரு பக்க வளையங்களில் மாட்டும். அதன் மேல் சாய்ந்தால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். ஒவ்வொரு ஸ்டிக்காகக் கட்டிக்கொண்டு ஏறுங்கள். கட்டியதும் கீழ்நோக்கி ஒரு உதை கொடுத்து இறுக வைத்துவிட்டுப் பிறகு எடையைப் போடுங்கள்.

இப்போது அந்த ஒரு எட்டு. பலரும் கடைசி ஸ்டிக்கைப் பரண் தட்டின் மட்டத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால், கைக்குப் பிடி இல்லாத இடத்தில் உடம்பை மேலே உந்தித் தட்டுக்குத் தாவ வேண்டி வரும். இறங்கும்போது இன்னும் மோசம், கண்ணுக்குத் தெரியாத படியைக் காலால் துழாவ வேண்டும். காலை இருட்டில், தடித்த பூட்ஸோடு, பனி படிந்த தட்டில் இதைச் செய்து பாருங்கள், புரியும். சரியான அமைப்பு: கடைசி ஸ்டிக்கின் உச்சி, பரண் தட்டைவிட இடுப்பளவு உயரத்தில், தட்டுக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். அப்போது தட்டைவிட ஒரு படி மேலே ஏறி, ஸ்டிக்கைப் பிடித்தபடியே பக்கவாட்டில் தட்டுக்கு *இறங்குவீர்கள்*. திரும்பும்போதும் பிடி கையிலேயே இருக்கும். நான்கு ஸ்டிக்கில் இந்த உயரம் எட்டவில்லை என்றால் பரணை இரண்டடி கீழே மாட்டுங்கள், இல்லாவிட்டால் ஐந்தாவது ஸ்டிக் வாங்குங்கள்.

இதோடு சேர்ந்தது கயிறு. தட்டில் கால் வைக்கும் *முன்*, லைன்மேன் பெல்ட்டில் தொங்கியபடியே, நின்றால் தலைக்கு மேல் வரும் உயரத்தில் மரக்கயிற்றைக் கட்டி ஹார்னஸை அதில் மாட்டுங்கள். அது மாட்டிய பிறகுதான் பெல்ட்டைக் கழற்றலாம். ஒரு கொக்கி எப்போதும் மரத்தில் இருக்க வேண்டும். உட்கார்ந்தால் கயிறு தொய்யக் கூடாது. தொய்வு இரண்டடி என்றால் விழும் தூரமும் இரண்டடி.

பருவம் முழுதும் அதே மரம் என்றால், தரையிலிருந்து பரணுக்கு மேல் வரை ஒரு லைஃப்லைன் கயிறு கட்டி, அதில் ப்ரூசிக் முடிச்சை (கையால் தள்ளினால் நகரும், எடை விழுந்தால் இறுகிப் பிடிக்கும் முடிச்சு) ஏற ஏறத் தள்ளிக்கொண்டே போவதுதான் உத்தமம். முடிச்சுக் கயிறு முதன்மைக் கயிற்றைவிட மெல்லியதாக இருந்தால்தான் பிடிக்கும். இரண்டையும் சேர்த்து விற்கும் தொகுப்பை வாங்குங்கள், கயிற்றுக் கடையில் நீங்களே கலந்து கட்ட வேண்டாம்.

பரணைக் கயிற்றால் மேலே இழுத்து, தட்டை மடக்கிய நிலையில் பட்டையை இறுக்கி, பிறகு தட்டை விரியுங்கள். தட்டின் மரத்தை ஒட்டிய ஓரத்தில் காலால் அழுத்தினால் பற்கள் மரப்பட்டையில் கடிக்கும். பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து அசைந்தால் கழற்றி மீண்டும் மாட்டுங்கள். கீழ்ப் பட்டையையும் மறக்காதீர்கள்.

பருவத்துக்கு முன் ஒரு பகலில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் பரணை மாட்டி, ஒருவரை அருகில் நிறுத்திக்கொண்டு, ஹார்னஸில் வேண்டுமென்றே தொங்கிப் பாருங்கள். தொடைப் பட்டைகள் ரத்த ஓட்டத்தை நெரிப்பது சில நிமிடங்களிலேயே தெரியும். அதற்குத்தான் ஹார்னஸோடு ஒரு கால்மிதிப் பட்டை வருகிறது. அதில் மிதித்து எடையைத் தொடையிலிருந்து எடுக்கப் பழகுங்கள். போன் சட்டைப் பையில் இருக்கட்டும், முதுகுப் பையில் வேண்டாம். எந்த மரத்தில் இருக்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டுப் போங்கள்.

வில்லோடு ஏறவே கூடாது. அம்புகளை மூடியுள்ள தூணியில் வைத்து, வில்லின் கையைக் கயிற்றில் கட்டி, நீங்கள் ஏறும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் தொங்கவிட்டு, மேலே போய் மாட்டிக்கொண்ட பிறகு இழுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது முதலில் வில்.

கோணம்

20 அடி உயரம் என்பது ஏறக்குறைய 6.7 கஜம். தரையில் 20 கஜம் தள்ளி நிற்கும் மான், உங்கள் கண்ணிலிருந்து 21 கஜம். 10 கஜத்தில் நிற்கும் மான், 12 கஜம். அதனால் கோணத்தைக் கணக்கிடும் ரேஞ்ச்ஃபைண்டருக்குக் (தூரம் அளக்கும் கருவி) கூடுதல் பணம் கொடுப்பது இந்த உயரத்தில் வீண். குறி பெரிதாக மாறுவதில்லை. மாறுவது இரண்டு விஷயங்கள்.

முதலாவது உங்கள் உடல். கீழே பார்த்ததும் கை தானாகத் தாழும். தோளுக்கும் கைக்கும் இடையிலுள்ள நேர்கோடு உடைந்து, முகத்தில் நாண் படும் இடம் மாறி, அம்பு பெரும்பாலும் மேலே போகும். நாணை நேர்மட்டத்தில் இழுத்து நிறுத்திவிட்டு, அதன் பிறகு இடுப்பை மடக்கிக் குனியுங்கள். மேல் உடம்பும் கைகளும் ஒரே துண்டாக இறங்க வேண்டும். இதைத் தரையில் பழக முடியாது. ஹார்னஸ் மாட்டி, வேட்டை உடுப்போடு, வேட்டை முனையோடு, பரணிலிருந்தே பழகுங்கள்.

இரண்டாவது மானின் உடல். அம்பு 20 கஜத்தில் ஏறக்குறைய 18 டிகிரி சரிவில் நுழையும், 10 கஜத்தில் 34, ஐந்து கஜத்தில் 53. மரத்தடியில் நிற்கும் மானுக்கு எய்தால் அம்பு ஒரு நுரையீரலை மட்டும் துளைத்து இறங்கிவிடும். ஒற்றை நுரையீரலோடு மான் மைல் கணக்கில் போகும், கிடைக்காமலே போகலாம். அதனால் அம்பு நுழையும் இடத்தைப் பார்க்காதீர்கள், வெளியேறும் இடத்தைப் பாருங்கள். அது எதிர்ப்பக்க முன்னங்காலின் உள்மடிப்பாக இருக்க வேண்டும். அங்கிருந்து உங்களை நோக்கி மனதில் ஒரு கோடு இழுத்தால், அருகிலுள்ள தோலில் அந்தக் கோடு வெட்டும் புள்ளிதான் குறி. தரையில் நின்று வைக்கும் குறியைவிட அது சற்று மேலே அமையும்.

இதே காரணத்தால்தான் 25 அடி ஏறுவதை நான் ஆதரிப்பதில்லை. 16 முதல் 18 அடி, முதுகுக்குப் பின்னால் இலைமறைவு, அது போதும்.

எய்யும் நேரம்

எய்யத் தக்க நிலை இரண்டே: முழுப் பக்கவாட்டு, அல்லது பின்புறம் சற்றே உங்கள் பக்கம் திரும்பி மான் விலகிப் போகும் நிலை. நேருக்கு நேர் நிற்பது, பின்புறம் மட்டும் தெரிவது, ஓடுவது எதற்கும் நாணைத் தொடாதீர்கள். மானின் கண் ஒரு மரத்துக்குப் பின்னால் மறையும்போது நாணை இழுங்கள். நடந்துகொண்டிருந்தால் வாயால் மெதுவாக “மேஏ” என்றால் நிற்கும்.

நொடிக்கு 270 அடி போகும் அம்பு 20 கஜத்தைக் கடக்க 0.22 நொடி ஆகும். நாணின் சத்தம் அதே தூரத்தை 0.05 நொடியில் கடந்துவிடும். மிரண்ட மான் பாய்வதற்காக முதலில் உடலைத் தாழ்த்தும், அம்பு முதுகுக்கு மேல் போகும். காது விறைத்து உங்களையே பார்க்கும் மானை 30 கஜத்தில் எய்யக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

எய்த பிறகு

மான் கடைசியாகத் தெரிந்த இடத்தை ஒரு மரத்தோடு பொருத்தி மனதில் குறியுங்கள், அசையாமல் இருங்கள். பிறகு அம்பைப் பாருங்கள். நுரையோடு இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், அரை மணி நேரம் பொறுத்துத் தேடலாம். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல், நான்கு முதல் ஆறு மணி நேரம். பச்சையோ பழுப்போ கலந்து நாற்றம் அடித்தால் குடல், குறைந்தது எட்டு மணி நேரம். அடிபட்டதும் முதுகை வளைத்து மெதுவாக நடந்தாலும் குடல்தான். அவசரப்பட்டு எழுப்பினால் ரத்தத் தடமே இல்லாமல் போய்விடும். தடத்தின் மேல் மிதிக்காமல் ஓரமாக நடங்கள். கயிற்றில் கட்டிய மோப்ப நாயைப் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன. தேவைப்பட்டால் தயங்காமல் கூப்பிடுங்கள்.

கிடைத்த மானை விஸ்கான்சினில் மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்ய வேண்டும். அங்கே 2002-ல் கண்டறியப்பட்ட சிடபிள்யூடி என்ற மான்களின் மூளைநோய் இப்போது பல மாவட்டங்களில் உண்டு. கையுறை போட்டு வெட்டுங்கள், தண்டுவடத்தையும் மூளையையும் தொடாதீர்கள், தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்து முடிவு வந்த பிறகு சமையுங்கள்.

பிற்சேர்க்கை

பரணின் எடை வரம்பு 300 பவுண்டு என்று போட்டிருந்தால் அதில் உங்கள் குளிர் உடுப்பு, பூட்ஸ், பை, வில் எல்லாம் அடக்கம். பலர் கேட்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்: 275 பவுண்டு ஆள் 300 பவுண்டு பரணில் ஏறக் கூடாது.

ப்ரூசிக் முடிச்சு உறைபனியில் நகர மறுக்கிறது என்றால் கழற்றிவிட்டு ஏறாதீர்கள். முடிச்சைக் கையால் கசக்கித் தளர்த்துங்கள். ஐஸ் கட்டியிருந்தால் அன்று தரையிலேயே இருங்கள்.

பட்டைகளைக் குளிர்காலம் முழுதும் மரத்திலேயே விட்டுவைத்தவர்களுக்கு: மரம் பருத்துப் பட்டையை இழுத்திருக்கும், வெயில் நூலை மக்க வைத்திருக்கும், அணில் கடித்திருக்கும். இந்த மூன்றில் முதல் இரண்டு கண்ணுக்குத் தெரியாது. புதுப் பட்டை வாங்கிக் கட்டிய பிறகு ஏறுங்கள்.