பி.எம்.எஸ். கன்ட்ரோலரில் ஒயர் மாட்டி ரீஸ்டார்ட் செய்வது எப்படி?

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஏதாவது ஆபீஸ் கட்டடத்தில் பி.எம்.எஸ். (கட்டடத்தின் ஏசி, பம்பு போன்றவற்றைக் கண்காணித்து இயக்கும் சிஸ்டம்) வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நெட்வொர்க் கன்ட்ரோலர் பேனலை என்றைக்காவது நீங்கள் திறந்தே ஆகவேண்டும்.

முதலில் பிளான்ட் ரூம் ஆபரேட்டரிடம் சொல்லுங்கள். கன்ட்ரோலர் நின்றால் அதை நம்பி ஓடும் ஏ.எச்.யு.வும் (குளிர்ந்த காற்றை மாடிகளுக்கு அனுப்பும் மெஷின்) பம்பும் நின்றுபோகலாம். மே மாத மதியத்தில் ஏசி நின்றால் மாடி மாடியாக எத்தனை பேர் வியர்வையில் உட்கார்ந்திருப்பார்கள்! அதனால் வேலையை மாலைக்குத் தள்ளுங்கள். ஓடியே ஆகவேண்டிய மெஷின்களை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் கன்ட்ரோலரின் பேக்கப், ஒயர்கள் இருக்கும் நிலையில் ஒரு போட்டோ. இரண்டையும் எடுக்காமல் ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீர்கள்.

பேனலுக்குக் கரண்ட் தரும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கியபின் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். கன்ட்ரோலருக்கு வருவது பெரும்பாலும் 24 வோல்ட்தான். ஆனால் மெஷின்களை ஆன், ஆஃப் செய்யும் ரிலே அவுட்புட் டெர்மினலில் வேறு லைனிலிருந்து 230 வோல்ட் வந்துகொண்டிருக்கலாம். ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டுக் கை வையுங்கள்.

ஒயரின் மேலுறையை 6, 7 மில்லிமீட்டர் உரித்தால் போதும். திருவான்மியூர் மாதிரி கடலோரப் பகுதியில் செம்பு கறுத்தோ பச்சை பிடித்தோ இருக்கும். பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டுப் புதிதாக உரியுங்கள். இழைகளை முறுக்கி, ‘பின் லக்’ எனும் ஊசி போன்ற உலோக முனையைப் போட்டு, கிரிம்பிங் டூலால் அழுத்தி இறுக்கி மாட்டுங்கள். இறுக்கியதும் மெதுவாக இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது. ஒருமுறை முடி மாதிரி ஒரே ஓர் இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. டார்ச் அடித்துப் பாருங்கள்.

பேக்நெட் எம்.எஸ்.டி.பி. லைன் (கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஒயர்) என்றால் பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ். ஒரு கன்ட்ரோலரிலிருந்து அடுத்ததற்கு வரிசையாகப் போகவேண்டும், நடுவில் கிளை பிரிக்காதீர்கள். ஒயரைச் சுற்றியிருக்கும் உலோக உறையான ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். லைனின் இரண்டு கடைசியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கவேண்டும். லைனில் உள்ள எல்லாவற்றுக்கும் பவரை நிறுத்திவிட்டுப் பிளஸ், மைனஸ் நடுவே அளந்தால் ஏறக்குறைய 60 ஓம் காட்டும். 120 காட்டினால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை. 40 என்றால் யாரோ மூன்றாவதாக ஒன்றைப் போட்டிருக்கிறார்கள், தேடிக் கழற்றுங்கள். ஒரே அட்ரஸ் இரண்டு கன்ட்ரோலருக்கு இருக்கக்கூடாது, பாட் ரேட் (டேட்டா போகும் வேகம்) எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கவேண்டும்.

சரி, இப்போது பவர் கொடுங்கள். புது செட்டிங் எடுக்க ரீஸ்டார்ட் தேவைப்பட்டால் சாஃப்ட்வேரிலிருந்தே கொடுங்கள். சட்டென்று கரண்டை நிறுத்தினால் மெமரியில் எழுதிக்கொண்டிருப்பது கெட்டுப்போகலாம். ரீசெட் பட்டனையும் மேனுவலைப் படிக்காமல் அழுத்தாதீர்கள். சில கன்ட்ரோலர்களில் நீண்ட நேரம் அழுத்தினால் எல்லா செட்டிங்கும் அழிந்துவிடும்.

கன்ட்ரோலர் எழுந்துவரச் சில நிமிடம் ஆகும், பொறுங்கள். அதன் லைனில் இருக்கும் மற்ற கன்ட்ரோலர்கள் எல்லாம் ஆன்லைனில் வந்துவிட்டனவா என்று பாருங்கள். மறக்காமல் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்திருந்தால் கடிகாரம் தவறி, ராத்திரி 2 மணிக்கு ஏ.எச்.யு. ஓட ஆரம்பிக்கும். எல்லாம் சரியாக இருந்தால் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, மெஷின்களை ஒவ்வொன்றாக ஆட்டோவுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒன்று ஓட ஆரம்பித்ததைப் பார்த்தபின் அடுத்தது.