சிறு குழந்தைக்கு ஆட்டிசம் தெரபி தேடுவது எப்படி: சென்டருக்கு முன்னும் சேர்ந்த பின்னும்

"ஆட்டிசமாக இருக்கலாம்" என்று மருத்துவர் சொன்ன அன்றைக்கே பல வீடுகளில் தெரபி சென்டர்களின் பட்டியல் தயாராகிவிடுகிறது. யார் முதலில் போனை எடுக்கிறார்களோ அங்கே குழந்தையைச் சேர்த்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால், "போய்க்கொண்டுதான் இருக்கிறோம், மாற்றம் இருக்கிறதா என்று சொல்லத் தெரியவில்லை" என்கிறார்கள். எந்த மாற்றத்தைத் தேடி உள்ளே போனோம் என்பது யாரிடமும் எழுத்தில் இல்லை, அதுதான் காரணம். அதனால் இந்தச் செய்முறையில் சென்டருக்குப் போன் செய்வது நான்காவது படியாகத்தான் வரும். இரண்டிலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதியது இது.

படி 1: காதும் உடம்பும்

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்கு முதலில் கேட்கும் திறன் பரிசோதனை. "டிவியில் பாட்டு வந்தால் ஓடி வருகிறது, காது நன்றாகத்தான் இருக்கிறது" என்று இதைத் தாண்டிவிடாதீர்கள். தாழ்ந்த ஒலிகள் கேட்டு, உயர்ந்த அலைவரிசை ஒலிகள் மட்டும் கேட்காமல் இருக்க வாய்ப்புண்டு. ஒத்துழைக்காத குழந்தைக்குத் தூக்கத்திலேயே எடுக்கும் பெரா பரிசோதனை இருக்கிறது.

திடீரென்று தலையை மோதிக்கொள்ளத் தொடங்கினால் பல் வலி, காது வலி, மலச்சிக்கல் மூன்றையும் பார்த்த பிறகுதான் தெரபிஸ்ட். பேசிக்கொண்டிருந்த சொற்கள் மறைந்தாலோ, சில விநாடி கண் நிலைகுத்தி உறைந்தாலோ குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் தாமதிக்காமல் போங்கள்.

எம்-சாட் என்பது 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான 20 கேள்விகள் கொண்ட முதல்கட்டச் சோதனை. 3 முதல் 7 வரை மதிப்பெண் வந்தால் தொடர்கேள்விகள் உண்டு. 8-ஓ அதற்கு மேலோ வந்தால் நேராக முழு மதிப்பீடு. இந்த மதிப்பெண்ணே நோயறிதல் ஆகாது. ஆனால் முழு மதிப்பீட்டுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும்போது தெரபியையும் தள்ளிப்போட வேண்டியதில்லை. சான்றிதழ் வரும்போது வரட்டும், குழந்தைக்குத் தேவையான உதவி இன்றைக்கே தேவை.

படி 2: ஏழு நாள் தாள்

பெரும்பாலான குடும்பங்கள் தாண்டிப் போகிற படி இது. "பேச வேண்டும்", "ஒரு இடத்தில் உட்கார வேண்டும்" என்பதெல்லாம் ஆசைகள். அவற்றை வைத்து எந்தத் தெரபிஸ்ட்டும் வேலை செய்ய முடியாது. ஏழு நாள், ஒரு தாளில் மூன்று நெடுவரிசை: முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, உடனே பின்னால் என்ன நடந்தது.

ஒரு எடுத்துக்காட்டு. போனை வாங்கி வைத்தோம். குழந்தை தரையில் விழுந்து கத்தியது. இரண்டு நிமிடத்தில் போனைத் திருப்பிக் கொடுத்தோம். இன்னொரு வரி: சட்டை போடப் போனோம், கத்தியது, அப்புறம் போடலாம் என்று விட்டுவிட்டோம். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே கத்தல். முதலாவது ஒரு பொருளைப் பெறுவதற்கு, இரண்டாவது ஒன்றிலிருந்து தப்பிப்பதற்கு. இவை தவிர, நம் கவனத்தை ஈர்ப்பதற்காகவும் இருக்கலாம், அந்தச் செயலே உடம்புக்கு இதமாக இருப்பதாலும் இருக்கலாம். காரணம் வேறானால் தீர்வும் வேறு. சட்டையின் லேபிள் உறுத்துகிற குழந்தையிடம் "கண்டுகொள்ளாமல் விடுங்கள்" என்பது கொடுமை. லேபிளை வெட்டிவிட்டால் முடிந்தது.

ஆப் வேண்டாம், கதவில் ஒட்டிய தாளும் கயிற்றில் கட்டிய பென்சிலும் போதும். ஆப்பில் பதிவிடப் போனைக் கையில் எடுத்தாலே குழந்தை போனுக்கு ஓடி வரும், பதிவு கெடும்.

கூடவே அரை நிமிட வீடியோ ஐந்து எடுங்கள்: தனியாக விளையாடும்போது, ஏதாவது வேண்டும் என்று கேட்கும்போது, சாப்பிடும்போது, வேறு குழந்தையின் அருகில், அழும்போது. புதிய அறையில் புதிய மனிதர் முன் குழந்தை காட்டாததை இவை காட்டும்.

படி 3: பெயர்களைப் புரிந்துகொள்ளுங்கள்

சென்டர்களில் அடிக்கடி கேட்கும் ஏபிஏ (அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ், நடத்தை சார்ந்த பயிற்சி முறை) என்பது ஒரே பயிற்சியின் பெயரல்ல, பல பயிற்சிகளை உள்ளடக்கிய குடையின் பெயர். மேஜையில் உட்காரவைத்து, கேள்வி, பதில், பரிசு என்று திரும்பத் திரும்பச் செய்வதும் அதற்குள் வரும். தரையில் குழந்தையின் விளையாட்டைப் பின்தொடர்ந்து அதற்குள்ளேயே கற்பிப்பதும் வரும். இரண்டாவது வகையில் ஏர்லி ஸ்டார்ட் டென்வர் மாடல், ஜாஸ்பர், பிவட்டல் ரெஸ்பான்ஸ் என்ற பெயர்களைக் கேட்பீர்கள். நான்கு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு என் முதல் தேர்வு இந்த இரண்டாவது வகைதான். கற்றது விளையாட்டிலேயே கற்றதால், வீட்டிலும் அது எளிதாக வெளிப்படுகிறது. மேஜைப் பயிற்சி, சில குறிப்பிட்ட திறன்களுக்குக் கொஞ்ச நேரம் என்றால் சரி.

"வாரம் 40 மணி நேரம் இல்லையென்றால் பலனில்லை" என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். அந்த எண் ஏபிஏ பற்றி 1987-இல் உளவியலாளர் லோவாஸ் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. தீவிரப் பயிற்சி பெற்றவர்கள் வெறும் 19 குழந்தைகள். அந்தக் காலப் பயிற்சியில் தண்டனையும் இருந்தது. 2024-இல் 144 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பகுப்பாய்வில், நேரம் கூடக்கூடப் பலனும் கூடுகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. மதியத் தூக்கத்தையும் விளையாட்டையும் பறித்து மணிக்கணக்கை நிரப்ப வேண்டாம்.

படி 4: போன் கேள்விகளும் இருபது நிமிடப் பார்வையும்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வரவேற்பறையில் பேசும் அனுபவசாலி ஒருவர், தினமும் குழந்தையோடு உட்காருபவர் வேறொருவர். ஆகவே முதல் கேள்வி: "என் குழந்தையோடு உட்காரப்போவது யார், அவருக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பது யார், திட்டம் போட்டவர் மாதத்தில் எத்தனை மணி நேரம் நேரில் வந்து பார்ப்பார்?" அளவுகோல் வேண்டுமென்றால்: ஆர்பிடி என்ற சான்றிதழ் பெற்ற பணியாளருக்கு அடிப்படைப் பயிற்சி 40 மணி நேரம்தான். அதனால்தான் அவர் பயிற்சி தரும் நேரத்தில் குறைந்தது 5 சதவீதம் மேற்பார்வை வேண்டும் என்பது விதி. மாதம் 80 மணி நேரம் என்றால் 4 மணி நேரம். அந்தச் சான்றிதழ் இல்லாத இடத்திலும் இதே கணக்கைக் கேளுங்கள். "வேண்டியபோது பார்ப்பார்" என்றால் யாரும் பார்ப்பதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து: "பயிற்சியின் நடுவில் அழுதால் என்ன செய்வீர்கள்?" நிறுத்துவோம், ஏன் என்று பார்ப்போம், வேலையை எளிதாக்குவோம் என்பது நல்ல பதில். "அழுது முடிக்கட்டும், பழகிவிடும்" என்றால் நன்றி சொல்லிப் போனை வையுங்கள். மூன்றாவது: "கையை உதறுவதை நிறுத்துவீர்களா, கண்ணைப் பார்க்க வைப்பீர்களா?" யாருக்கும் தீங்கில்லாத உதறலை அடக்குவதும் முகவாயைப் பிடித்துத் திருப்புவதும் குழந்தைக்கு எதையும் கற்றுத் தருவதில்லை. தன் உடம்பு தன் வசமில்லை என்ற பாடம் மட்டும் பதியும்.

பிறகு நேரில் போய் ஒரு செஷனைப் பாருங்கள். மற்ற குழந்தைகளின் தனியுரிமைக்காக மறுத்தால் அது நியாயமே. உங்கள் குழந்தையின் சோதனை செஷனில் உங்களை வெளியே உட்காரச் சொன்னால் அது நியாயமில்லை. கேமரா இருக்கிறது என்ற சமாதானமும் போதாது. இருபது நிமிடத்தில் இரண்டை மட்டும் கோடு போட்டு எண்ணுங்கள். பெரியவர் எத்தனை முறை கட்டளையிட்டார்? குழந்தை தானாகத் தொடங்கிய செய்கைக்கு, ஒரு பார்வையோ கைநீட்டலோ எதுவானாலும், எத்தனை முறை பதில் சொன்னார்? முதல் வரிசை முழுக்க நிரம்பி இரண்டாவது வெறுமையாக இருந்தால், அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

முழுக்கக் குணமாக்குவோம் என்ற உத்தரவாதம், ஒரு வருடப் பணத்தை முன்கூட்டிக் கேட்பது, கனஉலோகம் நீக்கும் மருந்தையோ ஸ்டெம் செல் ஊசியையோ சிபாரிசு செய்வது, எல்லாக் குழந்தைக்கும் ஒரே இலக்குத் தாள்: இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

படி 5: இலக்குகளை எழுத்தில் வாங்குங்கள்

மூன்று முதல் ஐந்து போதும். "தொடர்புத் திறன் மேம்படும்" என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். இப்படி இருக்க வேண்டும்: "தண்ணீர் வேண்டும்போது, கையைப் பிடித்து இழுக்காமல், சொல்லாலோ சைகையாலோ படத்தாலோ கேட்கும், 10 வாய்ப்பில் 8 முறை, இரண்டு வேறு நபர்களிடம், வீட்டிலும் சென்டரிலும்." கடைசித் துண்டுதான் முக்கியம். தெரபிஸ்ட்டிடம் மட்டும் செய்வதைக் குழந்தை இன்னும் முழுதாகக் கற்றதாகச் சொல்ல முடியாது. முதல் இலக்கு வேண்டியதைக் கேட்பதாக இருக்கட்டும். கேட்கத் தெரிந்த குழந்தைக்குக் கத்த வேண்டிய தேவை குறையும். நிறம், எண் எல்லாம் காத்திருக்கலாம்.

படி 6: பன்னிரண்டு வாரம்

நான்காம் வாரம் குழந்தை கதவருகே எப்படி இருக்கிறது என்று பாருங்கள். முதல் சில நாள் அழுவது இயல்பு. நான்காவது வாரத்திலும் வாசலிலேயே உடம்பு விறைத்தால், தூக்கம் கெட்டால், பழகிய கழிப்பறைப் பழக்கம் போனால், பயிற்சியை நிறுத்திவிட்டுக் காரணம் கேளுங்கள். பன்னிரண்டாம் வாரம் இலக்குத் தாளையும், குழந்தையின் முன்னேற்றத்தைக் காட்டும் வரைபடத்தையும் அருகருகே வையுங்கள். கோடு அசையவில்லை என்றால் திட்டம்தான் மாற வேண்டும், குழந்தையைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

ஒரு எச்சரிக்கை: இதுவரை கத்திக் கிடைத்தது இனிக் கிடைக்காது என்றாகும்போது, கத்தல் குறைவதற்கு முன் சில நாள் எகிறும். மூன்றாம் நாள் தளர்ந்துபோய்க் கொடுத்துவிட்டால், இன்னும் உரக்கக் கத்தினால் கிடைக்கும் என்றுதான் குழந்தை கற்கும். ஆகவே, வேறு வழியில் கேட்கக் கற்றுத்தராமல் இதைத் தொடங்கவே கூடாது.

பிற்சேர்க்கை: அடிக்கடி வரும் சிக்கல்கள்

அருகில் சென்டரே இல்லை, அல்லது காத்திருப்புப் பட்டியல் நீளம் என்பவர்கள், உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் திறன் பயிற்சி கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கானது. ஒன்பது குழு வகுப்புகளும் மூன்று வீட்டு வருகைகளும் கொண்டது. அதுவரை வீட்டில், தினம் இரண்டு முறை பத்துப் பத்து நிமிடம்: சோப்புக்குமிழி ஊதுங்கள், மூடியை இறுக்கி மூடுங்கள், ஐந்து விநாடி எதுவும் பேசாமல் எதிர்பார்ப்போடு முகத்தைப் பாருங்கள். பார்வை, சத்தம், கை, எது வந்தாலும் "ஊது!" என்று சொல்லி உடனே ஊதுங்கள். சரியாகச் சொன்னால்தான் என்று நிறுத்திவைக்காதீர்கள்.

"படம் காட்டிக் கேட்கப் பழக்கினால் பேச்சு வராது" என்று சில தெரபிஸ்ட்டுகளே சொல்கிறார்களாம். அது தவறு. படமும் பேசும் கருவியும் பேச்சைத் தடுப்பதில்லை. பல குழந்தைகளுக்குப் பேச்சு வர உதவியும் செய்கின்றன.

வீட்டு மொழியை விட்டுவிட்டு ஒரே மொழியில் பேசச் சொல்கிறார்கள், என்ன செய்வது என்றும் பெற்றோர் கேட்கிறார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு பின்தங்குகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. தாத்தா பாட்டி எந்த மொழியில் கொஞ்சுகிறார்களோ அந்த மொழியிலும் இலக்குகளைச் சொல்லிக்கொடுக்கும்படி தெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். முதல் ஐந்து சொற்களை வீட்டு மொழியில் எழுதி, ஒலிப்பையும் பதிவுசெய்து அனுப்பிவிடுங்கள்.