வண்டி நம்பரை வைத்து ஒரு மரபணுப் பாடம்: கட்டியை அடக்கும் மரபணுக்கள்

புற்றுநோய் என்று பேச்செடுத்தாலே இரண்டு கேள்விகள் வரும். "குடும்பத்தில் இருந்தால் நமக்கும் கட்டாயம் வருமா?" என்பது ஒன்று. "பரம்பரையில் யாருக்குமே இல்லையே, இவருக்கு மட்டும் எப்படி வந்தது?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் சொல்ல ஒரு கட்டம் போட்ட கணக்கு நோட்டும் சாலையைப் பார்த்த ஒரு ஜன்னலும் போதும். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாமாகவே செய்துவிடுவார்கள். பெரியவர்கள் கூட உட்கார்ந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அந்தக் கேள்விகளைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

படி 1: இரண்டு சதுரம் வரையுங்கள்

நோட்டின் இடப்பக்கத்தில் பத்துக்குப் பத்து, மொத்தம் நூறு கட்டம் கொண்ட ஒரு சதுரம். வலப்பக்கத்தில் அதே அளவில் இன்னொன்று. மேலேயும் பக்கவாட்டிலும் 0 முதல் 9 வரை எண் போடுங்கள். இடது சதுரத்துக்கு 'அ' என்றும் வலதுக்கு 'ஆ' என்றும் பெயர் வைத்துக்கொள்வோம்.

படி 2: ஒரு கட்டம் என்றால் என்ன?

ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். மனிதச் செல்லில் 23 ஜோடி குரோமோசோம்கள், அவற்றில் ஏறத்தாழ இருபதாயிரம் மரபணுக்கள். ஜோடியில் ஒன்று அம்மாவிடமிருந்தும் மற்றது அப்பாவிடமிருந்தும் வருவதால், பெரும்பாலான மரபணுக்கள் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கின்றன.

அந்த இருபதாயிரத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். பெயர் ஆர்.பி.1, இருப்பது 13-ஆம் குரோமோசோமில். இது கெட்டால் குழந்தைகளின் கண்ணில், விழித்திரையில், புற்று வரலாம். செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் முதலில் தன் டி.என்.ஏ. முழுவதையும் இன்னொரு முறை நகலெடுத்தாக வேண்டும். அந்த வேலையைத் தொடங்கிவைக்க ஈ2எஃப் என்ற புரதம் இருக்கிறது. ஆர்.பி.1 மரபணு உண்டாக்கும் ஆர்.பி. புரதம் அந்த ஈ2எஃப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 'வளரலாம்' என்று உடம்பிலிருந்து தகவல் வந்தால், சில நொதிகள் ஆர்.பி. மேல் பாஸ்பேட்டை ஒட்டும். உடனே அதன் பிடி தளரும், ஈ2எஃப் விடுபடும், செல் பிரியும். தகவல் வராத வரை பிடி விடாது. கட்டியை அடக்கும் மரபணு என்றால் அடிப்படையில் இந்த மாதிரி வேலைதான்.

இரண்டு பிரதியில் ஒன்று பழுதானாலும் மற்றது போதுமான புரதத்தை உண்டாக்கிக் கொடுத்துவிடும். செல் ஒழுங்காகவே இருக்கும். இரண்டுமே போனால்தான் ஈ2எஃப்பைப் பிடிக்க ஆள் இல்லாமல் போகும். ஆகவே நம் விதி இது: ஒரு கட்டத்தில் ஒரு கோடு விழுந்தால் ஒரு பிரதி போயிற்று என்று அர்த்தம். இரண்டு கோடு விழுந்தால் அந்தச் செல்லில் அடக்கும் சக்தியே போயிற்று.

படி 3: 'ஆ' சதுரத்தில் முன்கூட்டியே கோடு

'அ' சதுரம் காலியாகவே இருக்கட்டும். 'ஆ' சதுரத்தில் நூறு கட்டத்திலும் ஆளுக்கு ஒரு கோடு போட்டுவிடுங்கள். கொஞ்சம் கை வலிக்கும், ஆனாலும் ஒன்று விடாமல் போட வேண்டும். பெற்றோரிடமிருந்து பழுதான ஒரு பிரதி வந்துவிட்டால் உடம்பின் எல்லாச் செல்லிலும் அது இருக்கும் என்பது அப்போதுதான் கைக்குப் புரியும். விழித்திரையில் இருக்கும், தோலில் இருக்கும், ரத்தத்திலும் இருக்கும். ரத்தத்தை எடுத்து விழித்திரைப் புற்றுக்கான மரபணுச் சோதனை செய்ய முடிவது இதனால்தான்.

படி 4: ஜன்னலோரம் உட்காருங்கள்

செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் நகலெடுப்பதில் சின்னச் சின்னப் பிழைகள் வரும். எந்தச் செல்லில் எந்த இடத்தில் வரும் என்று சொல்ல முடியாது. அந்தக் குருட்டுத்தனத்துக்கு நமக்கு ஏதாவது எண்கள் வேண்டும். கோத்தகிரியில் அதற்குப் பஞ்சமே இல்லை. சீசனில் ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகளை இந்தப் பக்கம்தான் திருப்பிவிடுவார்கள். நம்ம டி.என். 43, அப்புறம் கே.எல்., கே.ஏ. என்று வரிசை கட்டி நிற்கும்.

வண்டி எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் பாருங்கள். 4718 என்றால் 1-ஆம் வரிசை, 8-ஆம் பத்தி. இரண்டு சதுரத்திலும் அதே கட்டத்தில் ஒரு கோடு. ஏற்கெனவே இரண்டு கோடு உள்ள கட்டம் மறுபடி வந்தால் கோடு வேண்டாம், ஆனால் வண்டியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கோடு நிரம்பிய கட்டத்தைச் சிவப்புப் பென்சிலால் அடைத்துவிடுங்கள். பத்து வண்டிக்கு ஒருமுறை நிறுத்தி, ஒவ்வொரு சதுரத்திலும் எத்தனை சிவப்பு என்று குறித்து வையுங்கள்.

கூடுதல் பணம் கட்டி 9999 வாங்குகிறவர்களால் கணக்கு கொஞ்சம் கோணும், பரவாயில்லை. வாகனமே வராத மழைக்காலத்தில் 0 முதல் 9 வரை சீட்டு எழுதி இரண்டு டம்ளரில் போட்டுக் குலுக்கி எடுக்கலாம். எடுத்த சீட்டைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

படி 5: முப்பதில் நிறுத்துங்கள், அறுபதில் நிறுத்துங்கள்

'ஆ' சதுரத்தில் முதல் வண்டியே ஒரு கட்டத்தைச் சிவப்பாக்கிவிடும். 'அ' சதுரத்தில் முதல் சிவப்பு வர, பத்துப் பன்னிரண்டு வண்டியாவது போக வேண்டியிருக்கலாம். முப்பது வண்டி போனதும் எண்ணினால் 'ஆ'வில் சராசரியாக 26 சிவப்பு இருக்கும், 'அ'வில் மூன்றோ நான்கோதான். அறுபது வண்டியில் 'ஆ'வில் 45, 'அ'வில் 12. உங்களுக்கு முன்னே பின்னே வரும். நான்கு பேர் தனித்தனியாகச் செய்து கூட்டிச் சராசரி எடுத்தால் இதற்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

இப்போது வரைபடம். கீழே வண்டிகளின் எண்ணிக்கை, மேலே சிவப்புக் கட்டங்கள். 'ஆ'வின் கோடு தொடக்கத்திலிருந்தே ஏறும். 'அ'வின் கோடு கொஞ்ச தூரம் தரையோடு படுத்துக் கிடந்து, பிறகுதான் மெல்ல மேலே வளையும். இந்த இரண்டு வடிவங்களைக் கண்ணால் பார்க்க வைப்பதற்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

படி 6: இதே வடிவத்தை 1971-இல் ஒருவர் பார்த்தார்

அமெரிக்காவில் ஆல்ஃபிரட் நாட்சன் என்ற குழந்தை மருத்துவர், விழித்திரைப் புற்று வந்த 48 பேரின் விவரங்களை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். ரெட்டினோபிளாஸ்டோமா என்று டாக்டர்கள் சொல்லும் இந்த நோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது. இரண்டு கண்ணிலும் கட்டி வந்த குழந்தைகளுக்கு மிகச் சீக்கிரமே வந்திருந்தது. அவர்களுடைய வரைபடம் ஒற்றை நிகழ்வுக்கு உரிய நேர்கோடாக இருந்தது. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களுக்கு வரைபடம் வளைந்தது, இரண்டு நிகழ்வுகள் சேர வேண்டும் என்பதுபோல. முதல் வகைக் குழந்தைகள் ஒரு அடியோடு (நம் நோட்டில் ஒரு கோடு) பிறந்தவர்கள், மற்றவர்களுக்கு இரண்டு அடியும் பிறந்த பிறகு ஒரே செல்லில் விழ வேண்டியிருந்தது என்று அவர் முடிவு கட்டினார். அப்போது ஆர்.பி.1 என்ற மரபணுவை யாரும் கண்டதில்லை. அதைப் பிரித்தெடுத்தது 1986-இல்தான். மைக்ரோஸ்கோப்பும் இல்லாமல் மரபணுவும் இல்லாமல் வயதுக் கணக்கை மட்டும் வைத்து ஒருவர் இதைச் சொன்னார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

நம் சதுரத்தில் நூறு கட்டம்தான். விழித்திரையில் அது லட்சக்கணக்கில் இருக்கிறது. ஒரு கோட்டோடு பிறந்த குழந்தைக்கு எங்கேயாவது ஒரு செல்லில் இரண்டாவது கோடு விழுவது ஏறக்குறைய நிச்சயம். கோடே இல்லாமல் பிறந்த குழந்தைக்கு இரண்டும் ஒரே செல்லில் விழுவது அபூர்வம்.

நடைமுறைக்கு ஒரு சேதி. ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் குழந்தையின் ஒரு கருமணி சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால், அல்லது கருமணிக்குள் வெள்ளையாக ஏதோ மின்னினால், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று வைக்காமல் கண் டாக்டரிடம் போங்கள். பல சமயம் வேறு காரணமாக இருக்கும். இதுவாக இருந்தால், சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்றலாம், பல சமயம் கண்ணையும் காப்பாற்றலாம். "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே" என்று சும்மா இருக்க வேண்டாம். பரம்பரை வகையில்கூடப் பல குழந்தைகளுக்குக் கோடு புதிதாக அவர்களிடமே தொடங்கியிருக்கும்.

படி 7: அரிவாள் செல் நோயோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்களுக்கு அரிவாள் செல் ரத்தசோகை தெரிந்திருக்கும். அங்கே பழுதான பிரதி இரண்டு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் நோய். ஒன்று மட்டும் வந்தால் பொதுவாக நோய் இல்லை, அடுத்த தலைமுறைக்குக் கடத்தலாம் என்பதோடு சரி. அதனால் விழித்திரைப் புற்றும் அப்படித்தான் என்று நினைக்கத் தோன்றும், சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்தது என்ற பேச்சும் கிளம்பும்.

கணக்கு இங்கே வேறு. செல்லைப் பார்த்தால் இரண்டு பிரதியும் போக வேண்டும், அதுவரை அரிவாள் செல் மாதிரியே. ஆனால் ஆளைப் பார்த்தால், பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரு பழுது வந்தாலே போதும், இரண்டாவது உடம்புக்குள்ளேயே நடந்துவிடும். அதனால் குடும்ப மரம் வரைந்தால் நோய் தலைமுறைக்குத் தலைமுறை இறங்குவதுபோல் தெரியும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாமன் மகளைக் கட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்த இடத்தில் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "சார், எங்க அத்தைக்கு மார்பில வந்துச்சு. அப்ப நான் 'ஆ' சதுரமா?" பெரும்பாலும் இல்லை, அம்மா. மார்புப் புற்றுநோயில் நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான் இப்படி ஒற்றை மரபணுவாகப் பரம்பரையில் வருவது. அதில் முக்கியமானவை பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்ற இரண்டு. முதலாவது 17-ஆம் குரோமோசோமில் இருப்பதை 1990-இல் மேரி-கிளேர் கிங் காட்டினார், 1994-இல் மரபணுவே கைக்கு வந்தது. இவை டி.என்.ஏ.வின் இரண்டு இழையும் அறுந்துபோனால் சீர்செய்ய உதவுகின்றன. அத்தைக்கு மிக இளம் வயதில் வந்திருந்தாலோ, கருப்பைக்குப் பக்கத்தில் உள்ள சூலகத்திலும் புற்று வந்தவர்கள் அதே குடும்பத்தில் இருந்தாலோ, அப்போது டாக்டரிடம் கேட்கத்தான் வேண்டும்.

படி 8: கோடு போடுவது யார்?

இப்போது கட்டங்களுக்கு வேறு பெயர் வையுங்கள்: டி.பி.53. பாதிக்குப் பாதிப் புற்றுநோய்களில் பழுதாகிக் கிடக்கும் மரபணு இது. இந்த மரபணுக்களைப் 'பிரேக்' என்று சொல்லிக் கொடுப்பது வழக்கம். ஆர்.பி.க்கு அது பொருந்தும், டி.பி.53 உண்டாக்கும் பி53 புரதத்துக்குப் பாதிதான் பொருந்தும். டி.என்.ஏ.வில் சேதம் என்று தெரிந்தால் அது பிரிவதை நிறுத்தும், பழுது பார்க்கிறவர்களை அழைக்கும், சேதம் கைமீறிப் போயிருந்தால் அந்தச் செல்லைத் தற்கொலை செய்துகொள்ள வைக்கும். எந்த வண்டியின் பிரேக் வண்டியையே கொளுத்தும்? 1979-இல் கண்டுபிடித்துப் பத்து வருடம் இதைப் புற்றுநோயை உண்டாக்கும் மரபணு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வுக்கூடங்களில் புழங்கிய பிரதியே பழுதான பிரதி என்பது 1989 வாக்கில்தான் தெளிவாயிற்று.

கோடு போடுகிறவர்களில் சிலர் அடையாளம் விட்டுச் செல்வார்கள். புகையிலைப் புகையில் உள்ள பென்சோபைரீன் டி.பி.53-இல் குறிப்பிட்ட சில இடங்களிலேயே ஒட்டுகிறது. நுரையீரல் புற்றில் அதே இடங்களில்தான் பழுது அதிகம். பூஞ்சை பிடித்த நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் உள்ள அஃப்ளாடாக்சின், கல்லீரல் புற்றில் இதே மரபணுவின் 249-ஆம் இடத்தில் முத்திரை குத்துகிறது. புற ஊதாக்கதிர் தோலில் வேறொரு முத்திரை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் என்ற கணக்கில் புற ஊதாக்கதிர் கூடும். குளிர் காற்றில் வெயில் உறைக்காது, கதிர் மட்டும் பட்டுக்கொண்டே இருக்கும். நம் தோலின் கருமை நல்ல காப்பு, என்றாலும் பகல் முழுக்கத் தேயிலை பறிக்கிறவர்கள் தொப்பியோ முக்காடோ போடுவது நல்லது.

கோடே போடாமல் காரியத்தைக் கெடுக்கிறவரும் ஒருவர் உண்டு: கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ். அதன் ஈ6 என்ற புரதம் பி53-ஐ அழிக்கும், ஈ7 என்ற புரதம் ஆர்.பி.யை முடக்கும். இரண்டு மரபணுவின் நான்கு பிரதியும் பத்திரமாக இருக்கும், வேலைக்கு மட்டும் ஆள் இருக்காது. நம் நோட்டில் இதைக் காட்ட வழியில்லை. இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, வைரஸ் தொற்றும் முன்பே, சிறுவயதில் போட்டால்தான் முழுப் பலன்.

படி 9: ஒரு யானைச் சதுரம்

நேரம் இருந்தால் செய்யுங்கள். புதிய சதுரத்தில், ஆறு கோடு விழுந்தால்தான் சிவப்பு என்று விதி வைத்து அறுபது வண்டி பாருங்கள். பெரும்பாலும் ஒரு சிவப்பும் வராது. யானைக்கு நம்மைவிட எத்தனையோ மடங்கு செல்கள், ஆயுளும் கிட்டத்தட்ட நம் அளவுக்கு நீளம், ஆனாலும் புற்றுநோய் குறைவு. ஆப்பிரிக்க யானையிடம் டி.பி.53 இருபது ஜோடி இருப்பதை 2015-இல் கண்டார்கள், நமக்கு ஒரே ஜோடி. தெப்பக்காட்டு முகாமில் நிற்கும் ஆசிய யானைகளின் இனத்துக்கும் பல பிரதிகள் உண்டு. ஆனால் அந்தக் கூடுதல் பிரதிகள் வெறும் மாற்று உருப்படிகள் அல்ல. சேதம் பட்ட யானைச் செல் நம் செல்லைவிடச் சீக்கிரமே உயிரை விட்டுவிடுகிறது.

படி 10: நோட்டை மூடும் முன்

ஒரு சிவப்புக் கட்டம் என்றால் ஒரு புற்றுநோய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரியவர்களுக்கு வரும் புற்றுகளில் பல மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட வேண்டும். பெருங்குடலில் பெரும்பாலும் ஏ.பி.சி. என்ற மரபணு முதலில் போகிறது, பிறகு மற்றவை, இதற்குள் பல வருடங்கள் ஓடிவிடும். பி53 நான்கு நான்காகச் சேர்ந்து வேலை செய்வதால், பழுதான பிரதி நல்லதையும் இழுத்துக் கெடுப்பதும் உண்டு. அப்போது ஒரு கோடே ஒன்றரைக் கோடாகிவிடும்.

உங்கள் குடும்பத்துக்கு மரபணுச் சோதனை தேவை என்று டாக்டர் சொன்னால், முதலில் மரபணு ஆலோசகரிடம் பேசுங்கள். முடிந்தவரை, நோய் வந்தவருடைய ரத்தத்தை முதலில் சோதிக்கச் சொல்வார்கள். அவரிடம் எந்த மரபணுவில் எந்த இடத்தில் பழுது என்று தெரிந்துவிட்டால், மற்றவர்களிடம் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும்.