ஸ்டாக்ஹோமில் காசு வீணாகும் இடங்கள்

ஸ்டாக்ஹோமுக்குப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, நிறைய இடங்களுக்குச் சேர்த்து ஒரே சுற்றுலா பாஸ் வாங்கிவிடுவது. காசு கொடுத்தாயிற்றே என்று ஒரே நாளில் நாலைந்து மியூசியங்களுக்கு ஓடுவார்கள். ஒன்றும் மனதில் நிற்காது. என்னைக் கேட்டால், முழுக் கட்டணம் கொடுத்தாலும் தகும் என்று சொல்ல ஒரு இடம் இருக்கிறது: வாசா மியூசியம்.

1628 ஆகஸ்ட் 10 அன்று, முதல் பயணத்திலேயே, சுமார் 1,300 மீட்டர் போவதற்குள் மூழ்கிய போர்க்கப்பல் வாசா. மேல்பாரம் அதிகம். காற்றில் சாய்ந்ததும், திறந்திருந்த கீழ்த்தளப் பீரங்கித் துளைகள் வழியே தண்ணீர் புகுந்துவிட்டது. மரத்தைத் தின்னும் கப்பல்புழு, உப்பு குறைந்த பால்டிக் நீரில் பிழைக்காது. அதனால்தான் 333 ஆண்டுகள் கழித்து, 1961-இல், கிட்டத்தட்ட முழுக் கப்பலாகவே தூக்க முடிந்தது. இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் கிடையாது. குடும்பத்தோடு போனால் நல்ல மிச்சம்.

அந்த மியூசியம் இருக்கும் யூர்கோர்டன் தீவுக்குச் சுற்றுலாப் படகு பிடிப்பது அடுத்த தவறு. ஸ்லுசன் படகுத்துறையிலிருந்து போகும் 82ஆம் எண் படகில், நகரப் போக்குவரத்து நிறுவனமான எஸ்எல்-இன் சாதாரண டிக்கெட்டே செல்லும். பஸ், டிராம், மெட்ரோவுக்கும் அதே டிக்கெட்தான். மெட்ரோவில் போனைப் பார்த்துக்கொண்டே போய்விடாதீர்கள். நீல வழித்தடத்தில் டி-சென்ட்ரலன், குங்ஸ்ட்ரேகோர்டன், சோல்னா சென்ட்ரும் மூன்றிலும் இறங்கிப் பாருங்கள். குடைந்த பாறையை அப்படியே விட்டு, அதன்மேல் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். சோல்னாவின் சிவப்புக் கூரைக்கு முன்னால் பல கட்டண மியூசியங்கள் நிற்காது என்பேன். ஒரே டிக்கெட்டில் 75 நிமிடம் ஏறி இறங்கலாம்.

ஆர்லாண்டா விமான நிலையத்தில் இறங்கிய அவசரத்தில் அதிவேக ரயிலில் ஏறிவிடுவதும் உண்டு. நேரம் இருந்தால் 583ஆம் எண் பஸ்ஸில் மேர்ஷ்டா போய், அங்கிருந்து புறநகர் ரயிலைப் பிடியுங்கள். இதற்கும் எஸ்எல் டிக்கெட்டே போதும்.

சரி, சாப்பாடு? இரவில் ஹோட்டலில் உட்கார்ந்தால் பில் எகிறும். வார நாட்களில், மதியம் 'டாகென்ஸ் லுன்ச்' (அன்றைய மதிய உணவு) போர்டு வைத்திருக்கும் கடையாகப் பார்த்துப் போங்கள். சாலட், ரொட்டி, காபி பெரும்பாலும் அதே விலையில் வந்துவிடும். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம், குழாய் நீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

அப்புறம், கட்டுக் கட்டாகக் குரோனா (ஸ்வீடன் பணம்) மாற்றிக்கொண்டு போகாதீர்கள். பல கடைகளில் நோட்டை வாங்கவே மாட்டார்கள். கார்டு மெஷின் உங்கள் ஊர்ப் பணத்திலா, குரோனாவிலா என்று கேட்டால் குரோனாவையே அழுத்துங்கள். உங்கள் ஊர்ப் பணத்தைத் தேர்ந்தெடுத்தால், பெரும்பாலும் மாற்று விகிதத்திலேயே கூடுதலாகப் பிடித்துவிடுவார்கள்.